கைதக்கடவு அமைதி அறை

எங்கள் கல்லுங்கல் குடும்பத்தில் இதுவரை யாரும் மேடையேறிப் பொன்னாடை போர்த்திக்கொண்டதில்லை. போர்த்த ஆள் கிடைக்காமல் அல்ல, எங்களுக்குக் குனியத் தெரியாது. பொன்னாடை போர்த்துகிற பிரமுகர்கள் பெரும்பாலும் குட்டையாக இருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் உயரம். கழுத்தை வளைத்துக் கொடுத்தால்தான் துணி தோளில் விழும். என் அப்பா வளைக்கவில்லை. நானும் தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று வளைக்கவில்லை. துணியை மடித்துக் கையில் கொடுங்கள் என்றேன், கொடுத்தார்கள்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து என் தம்பி கோசியை ஒரு திறப்பு விழாவுக்குப் 'பயனாளி'யாக அனுப்ப இந்த இட்டிச்செறியா, அதாவது நான், எப்படிச் சம்மதித்தேன் என்று கோட்டயத்திலிருந்து குவைத்து வரை உள்ள உறவுக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறேன்.

கோசிக்கு ஐம்பது கடந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னோடும் என் மனைவி சோசம்மாவோடும்தான் இருக்கிறான். சோறும் மீன்கறியும் தட்டில் ஒன்றையொன்று தொட்டால் சாப்பிட மாட்டான். சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் கம்பெனித் துணியை வெட்டியெறிந்த பிறகுதான் போடுவான். படகில் இடப்பக்கக் கடைசி ஜன்னல் அவனுடைய இடம். வேறு யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் சண்டை போட மாட்டான். எதிரே நின்று அந்த இடத்தையே பார்ப்பான். எப்பேர்ப்பட்டவரும் ஆறு நிமிஷத்துக்கு மேல் தாங்கியதில்லை.

பொய் சொல்ல அவனுக்கு வராது. ஒருமுறை பிஷப் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பிரசங்கம் எப்படி இருந்தது என்று அவனிடம் கேட்டுவிட்டார்.

"ரெண்டு தடவ முடிஞ்சுது. ரெண்டாவது தடவ முடிஞ்சப்புறமும் நீங்க நிறுத்தல" என்றான்.

மூன்று வருஷம் முன்பு கோட்டயத்தில் ஒரு டாக்டரம்மா அவனோடு ஒரு பகல் முழுக்கப் பேசிவிட்டு, இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். பிறவி சுபாவம், வியாதி அல்ல, மாற்ற வேண்டியதும் இல்லை என்றார். அதே சுபாவத்துக்கு எங்கள் வீட்டில் கல்லுங்கல் சுபாவம் என்று நான்கு தலைமுறையாகப் பெயர் இருக்கிறது. என் பெரியப்பா ஒருவர் வாழ்நாள் முழுக்க ஒரே கரண்டியில் சாப்பிட்டுக் கரண்டியோடு அடக்கமானவர்.

"இந்த வீட்ல அது இல்லாதவ நான் ஒருத்திதான். அதான் எல்லாரோட வேலையும் என் தலைல விழுது" என்றாள் சோசம்மா.

கோசி டாக்டரம்மாவிடம் கேட்டான்: "மருந்து என்ன?"

"மருந்து வேண்டாம். சத்தம் இல்லாத எடம் கொஞ்சம் வேணும்."

"எங்க விக்கறாங்க?"

"தெரிஞ்சா எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

அவனுக்கு வேலை காயலின் அக்கரையில், லத்தீஃபின் குடைக் கம்பெனியில். தைத்து வரும் குடைகளைத் திறந்து பார்த்து மூடி அடுக்க வேண்டும். குடை விரியும்போது ஒரு 'டப்' வருமே, அந்தச் சத்தம் ஒன்றுதான் உலகத்தில் அவனுக்குப் பிடித்த சத்தம். அதை நாள் முழுக்கக் கேட்பதற்கு ஒருவர் சம்பளமும் கொடுக்கிறார் என்பதை அவனால் இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் கைதக்கடவு நகரசபை எங்கள் படகுத்துறையை மேம்படுத்தியது. பழைய தகரக் கொட்டகையை இடித்துவிட்டுப் பெரிய கூடம் கட்டினார்கள். கூடத்தின் நாலு மூலையிலும் ஒலிபெருக்கி. ஒன்றில் நகைக்கடை, ஒன்றில் லாட்டரி, ஒன்றில் படகு அறிவிப்பு. நாலாவதில் பக்திப் பாட்டு, எந்த மதத்துக்கும் மனக்குறை வரக்கூடாது என்பதற்காக மூன்று மதப் பாட்டும் மாறி மாறி. நாலும் ஒரே நேரத்தில் பேசின. முதல் நாள் கோசி காதைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்து கட்டிலுக்கு அடியில் படுத்தான். மறுநாள் துறைக்குப் பாதி வழி போய்த் திரும்பினான். மூன்றாம் நாள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றான். அதற்கப்புறம் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே குடையைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

லத்தீஃப் எங்களைப் பார்க்க வந்தார்.

"சார், கோசிச்சன் நாற்காலில நான் ஒருத்தரையும் உக்கார வைக்கல. ஆனா இடவப்பாதி மழ தொடங்கிட்டா ஆர்டர் தலைக்கு மேல வரும். அப்போ காலியா போட்டு வைக்க முடியாது. என் மச்சினன் வேற அந்த நாற்காலியவே பாத்துக்கிட்டு திரியறான்."

"உங்க மச்சினனுக்குக் குட தெரியுமா?" என்று கேட்டாள் சோசம்மா.

"மழ பேஞ்சா பிடிக்கத் தெரியும்" என்றார் லத்தீஃப் வருத்தத்தோடு.

ஆகவே மழைக்கு முன் கோசி வேலைக்குத் திரும்பியாக வேண்டும். நான் வேட்டியை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு நகரசபைத் தலைவர் பணிக்கரைப் பார்க்கப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தணித்தால் போதும் என்றேன்.

பணிக்கர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"சார், இத்தன வருஷம் இந்த மக்களுக்காக ஒழைச்சேன், இப்படி ஒரு விஷயம் இருக்குன்னு யாரும் சொல்லல. கண்டிப்பா செய்வோம். பெருசா செய்வோம்."

"பெருசா வேண்டாம். அந்த நாலு பெட்டியையும் அணைச்சா போதும்."

"அணைக்கறதா?" என்று கையை விட்டார். "சார், நீங்க படிச்சவரு. அணைச்சா யாருக்குத் தெரியும்? அணைக்கறதுக்கு ஒரு திறப்பு விழா வைக்க முடியுமா? கல்லு பதிக்க முடியுமா? நகரசபை எதையாவது கட்டணும் சார். கட்டினாத்தான் திறக்க முடியும்."

கட்டினார்கள். 'அமைதி அறை' என்று பெயர். கான்ட்ராக்ட் எடுத்தவர் தாசப்பன் என்கிற வார்டு உறுப்பினரின் மைத்துனர். அந்த மைத்துனரும் தாசப்பனேதான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எது எப்படியானாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்: அறை நன்றாக வந்திருந்தது. கனத்த சுவர், அடுத்தடுத்து இரண்டு கதவு, காயல் பக்கம் கண்ணாடி ஜன்னல், துறைப் பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி, மங்கலான விளக்கு, மெத்தை போட்ட நீள நாற்காலி. கதவில் ஒரு பலகை. உள்ளே பேசக் கூடாது. இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. கடைசியாக வெளியே செல்பவர் பூட்டிவிட்டுச் செல்லவும். கடைசி வரி நகரசபை எல்லாப் பலகையிலும் எழுதுகிற வரி, பொதுக் கழிப்பறையிலும் அதுதான் இருக்கிறது.

பெயின்ட் காய்ந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், வேலைக்காரர்கள் கோசியை உள்ளே உட்கார விட்டார்கள். படகு வந்து போகிற நேரம் வரை இருந்துவிட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னான்.

"அச்சாயா, உள்ள என் மூச்சு எனக்குக் கேக்குது. நாளைக்கி வேலைக்குப் போறேன்."

மறுநாள் அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். திறப்பு விழா நடக்காமல் யாரும் நுழையக் கூடாது. திறக்க மந்திரி வர வேண்டும். மந்திரிக்குத் தேதி இல்லை.

மேட மாசம் போய் இடவ மாசம் பிறந்தது. தேதி இல்லை. மேகம் வந்து காயலுக்கு மேல் நின்று எங்களைப் பார்த்தது. அப்போதுதான் நகரசபையிலிருந்து வரவேற்புக் குழுக் கூட்டம் என்று அழைப்பு வந்தது. போனேன். தாசப்பன்தான் குழுவின் கன்வீனர். உட்குழுக்களைப் படித்தார். பந்தல் குழு, சாப்பாட்டுக் குழு, ஊர்வலக் குழு, செண்ட மேளக் குழு, கதினா வெடிக் குழு, ஒலி ஒளிக் குழு.

நான் எழுந்தேன். "அமைதி அறைக்குக் கதினா வெடியா?"

பணிக்கர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அதை மறக்காமல் வைத்திருக்கிறேன்.

"மாஸ்டர் சாருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கு. நியாயமான சந்தேகம். ஆனா யோசிங்க. அமைதியோட பெருமைய நாம அமைதியா சொன்னா யாருக்குக் கேக்கும்? இந்த மாவட்டத்துலயே முதல் அமைதி அறை இது. அக்கரைல இருக்கற கட்சிக்காரன் காதுல விழ வேண்டாமா? நாம சத்தம் போட்டாத்தானே அவனுக்கு நம்ம அமைதி புரியும்?"

பெஞ்சுகள் அதிரக் கைதட்டினார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் மட்டும் ஆட்சேபம் தெரிவித்தார். போன ஆட்சியில் நாங்கள் மயானம் திறந்தபோது இதைவிடப் பெரிய வெடி போட்டோம் என்றார். உடனே வெடிக் குழுவைப் பெரிதாக்கினார்கள்.

தேதி கிடைத்ததும் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று தெருத்தெருவாகச் சுற்றத் தொடங்கியது. "அமைதி! அமைதி! அமைதி! சத்தத்தால் அவதிப்படும் சகோதர சகோதரிகளே!" என்று காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எங்கள் வீட்டு வாசலில் நின்று அலறும். பயனாளி வீடு என்பதால் மரியாதைக்காக எங்கள் வாசலில் கொஞ்சம் அதிக நேரம். ஜீப் சத்தம் தூரத்தில் கேட்டதுமே கோசி கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். இரண்டாம் நாள் சோசம்மா விளக்குமாற்றோடு சாலையில் இறங்கினாள்.

"டேய், யாருக்காகடா கத்துற?"

"கோசிச்சனுக்காகத்தான் சேச்சி."

"கோசிச்சன் கட்டிலுக்கு அடில இருக்கான்."

"அங்க கேக்குதா சேச்சி?"

"நல்லா கேக்குது!"

"சந்தோசம் சேச்சி" என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் அடுத்த தெருவுக்குப் போனான்.

விழாவுக்கு முந்தின சாயங்காலம் தாசப்பனே வீட்டுக்கு வந்தார். பருப்பு வடை கொடுத்தோம். சாப்பிட்டுவிட்டு, எதிரே குடையோடு உட்கார்ந்திருந்த கோசியை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், தப்பா நெனக்கக் கூடாது. இவரப் பாத்தா ஒண்ணுமே தெரியலையே."

"என்ன தெரியணும்?"

"இல்ல, பத்திரிகைக்காரங்க வருவாங்க, போட்டோ எடுப்பாங்க. இவரு பாட்டுக்கு நல்லா தலவாரி, இஸ்திரி சட்ட போட்டு, நம்மள மாதிரியே இருக்காரு. கொஞ்சம்... கொஞ்சம் மட்டும்... அந்த மாதிரி இருக்க முடியுமா?"

நான் எழுந்து நின்றேன். நான் எழுந்து நின்றால் எங்கள் கூடத்தின் விட்டம் அரை முழம்தான் மிச்சம் இருக்கும்.

"தாசப்பா, எங்க குடும்பத்துல யாரும் யார் மாதிரியும் இருந்ததில்ல. என் தம்பி அவன் மாதிரி வருவான். மாலை கிடையாது, பொன்னாடை கிடையாது, யாரும் தொடக் கூடாது. மேடைல எவனாவது 'பாவம்'னு ஒரு வார்த்த சொன்னா நான் மைக்கப் பிடிச்சுக் கடைசி வரைக்கும் விட மாட்டேன்."

கடைசி மிரட்டலுக்கு மட்டும் அவர் பயந்தார். விழாவில் வாழ்த்துரை சொல்ல ஏற்கெனவே கட்சிக்கு நாலு பேர் வரிசையில் இருந்தார்கள்.

இங்கேதான் உறவுக்காரர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில். நான் ஏன் கதவைக் காட்டி அவரை அனுப்பவில்லை? வெளியே ஈரக்காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. அக்கரையில் லத்தீஃபின் மச்சினன் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பூட்டைத் திறக்க இந்த ஒரு வழியைத்தான் விட்டுவைத்திருந்தார்கள்.

"என்ன செய்யணும்?" என்று தாசப்பனிடம் நேராகக் கேட்டான் கோசி.

"ரொம்ப ஈசி கோசிச்சா. மைக்கில உங்க பேரு சொன்னதும் எழுந்திருச்சு வாங்க. தட்டுல சாவி இருக்கும், எடுங்க. போயி கதவத் திறங்க. அப்புறம் அறை உங்களுக்குத்தான்."

"பேரு சொன்னதும் வரணும். சாவி எடுக்கணும். திறக்கணும். அப்புறம் எனக்கு."

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்!" என்று இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார் தாசப்பன்.

மறுநாள் துறையில் கால் வைக்க இடமில்லை. தாலம் ஏந்திய பெண்கள் ஒரு வரிசை, முத்துக்குடை பிடித்தவர்கள் ஒரு வரிசை, நடுவில் செண்ட மேளம். அறைவாசலில் பெயர்கள் பொறித்த கல், கதவைவிட உயரம். கதினா வெடித்தபோது காயலில் மிதந்த வாத்துகள் எல்லாம் ஒரே மூச்சில் அக்கரை போய்ச் சேர்ந்தன. அமைதி அறைக்குள்ளேயும் ஒரு கறுப்பு ஒலிபெருக்கிப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன்.

"உள்ள உக்காந்திருக்கறவங்க மட்டும் அமைதியப் பத்தின பேச்ச கேக்காம போயிடக் கூடாது இல்லையா சார்? அவங்களுக்கும் உரிமை உண்டு" என்றார் பணிக்கர்.

கோசி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். டாக்டரம்மா கொடுத்த காதுமூடி இரண்டு காதிலும், பாதிச் சத்தத்தைத்தான் அது நிறுத்தும். கண்ணை மூடி, மடியில் குடையைக் கட்டிப் பிடித்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. அவன் பக்கத்தில் சோசம்மா, யாரும் தொட்டுவிடாமல் முழங்கையை வெளியே நீட்டிக் காவல். நான் மறுபக்கம். அவன் கண் திறந்தபோது, திரும்பிப் போய்விடலாமா என்று கையால் கேட்டேன். தலையாட்டி மறுத்தான். கதவையே காட்டினான்.

மந்திரி வரவில்லை. அன்று அவருக்கு அது எத்தனையாவது திறப்பு விழா என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரு பாலத்தில் இருக்கிறார் என்றார்கள், ஒரு பால் பண்ணையில் இருக்கிறார் என்றார்கள். கூட்டம் கலையாமல் இருக்க, வரவேற்புரையை மட்டும் தொடங்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். தாசப்பன் மைக்கைப் பிடித்தார். கோசி ஒரு காதுமூடியை மட்டும் கழற்றினான். பெயரைக் கேட்க வேண்டுமே.

நமது வரவேற்புரைகளின் முறை உங்களுக்குத் தெரியும். மேடையில் உள்ளவர், மேடைக்கு வரப்போகிறவர், மேடைக்கு வர முடியாதவர், மேடை கட்டியவர் என்று ஒருவர் விடாமல் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். தாசப்பன் வாழ்க்கையில் அதை ஒரு குறையுமில்லாமல் செய்து பழகியவர். அந்த வேகத்தில், "இந்த விழாவின் நாயகனாக நம் முன்னே அமர்ந்திருக்கும் கல்லுங்கல் கோசி அவர்களையும்..." என்றார்.

கோசி எழுந்தான். மேடைக்குப் போனான். தட்டிலிருந்த சாவியை எடுத்தான். இறங்கி நேராக அறைக்குப் போனான். ரிப்பன் குறுக்கே இருந்தது. அதைப் பற்றி யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, அதனால் குனிந்து அடியில் நுழைந்தான். பூட்டைத் திறந்தான். உள்ளே போனான். ஒரு நிமிஷத்தில் கதவு மறுபடி திறந்து, கறுப்புப் பெட்டி வெளியே வந்தது, வயர் அழகாகச் சுற்றிக் கட்டப்பட்டு. கதவு மூடிக்கொண்டது. உள்தாழ்ப்பாள் விழுந்தது.

செண்டக்காரர்கள் கதவு திறந்ததைப் பார்த்துப் பழக்கத்தில் முழு வேகத்தில் கொட்டினார்கள். கதினாவும் வெடித்தது.

"திறந்துட்டானா?" என்றார் பணிக்கர்.

"திறந்துட்டாரு சார்."

"மந்திரி இன்னும் வரலையே! திறந்தத திறக்காம ஆக்க முடியுமாடா?"

நகரசபைச் செயலாளரை அழைத்துக் கேட்டார்கள். ஒரு கட்டடத்தை இரண்டு முறை திறக்கலாம், அதற்கு முன்னுதாரணம் நிறைய உண்டு, ஆனால் இரண்டாவது தடவை திறக்கும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது என்று அவர் கருத்துச் சொன்னார். தாசப்பன் ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். உதைத்தார். மைக்கில் அழைத்தார். ஒன்றும் உள்ளே போகவில்லை. தாசப்பன் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கட்டடத்தைக் கான்ட்ராக்டில் எழுதியபடி கட்டிவிட்டிருந்தார்.

"சார், நீங்க கூப்பிட்டா வருவாரு" என்று என்னிடம் வந்து கையைப் பிசைந்தார் பணிக்கர்.

"பலகைல என்ன எழுதியிருக்கு? தொந்தரவு பண்ணக் கூடாது. உங்க பலகை."

"பலகை பொதுமக்களுக்கு சார்!"

"என் தம்பி பொதுமக்கள்தான்" என்றேன்.

வேறு வழியில்லாமல் வாழ்த்துரைகளைத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் நேரமின்மையால் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லி நீளமாகப் பேசினார்கள். மூன்றாமவர் பேசிக்கொண்டிருந்தபோது மந்திரியின் கார் வந்தது. மந்திரி இறங்கினார். கழுத்தில் ஏற்கெனவே நாலைந்து பொன்னாடை. கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. செண்ட மேளம் அவர் காதருகே வந்து வரவேற்றது.

"இது என்ன, பாலமா?" என்று தன் துப்பாக்கிக் காவலரிடம் கேட்டார்.

"அறை சார்."

பணிக்கர் வியர்த்துக்கொண்டே சொன்னார், ஒரு பயனாளி அவசரப்பட்டுத் திறந்து உள்ளே போய்விட்டார், எவ்வளவு தட்டியும் அவருக்குக் கேட்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்று.

மந்திரி நின்றார். "கேக்கலையா?"

"கேக்காது சார்."

"இந்த செண்டயும் கேக்காதா?"

"எதுவுமே கேக்காது சார்!" என்று அழாத குறையாகச் சொன்னார் பணிக்கர்.

மந்திரி ரிப்பனைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்க்கவில்லை. நேராகப் போய்த் துறைப்பக்கக் கண்ணாடியில் முகத்தை வைத்தார். உள்ளே கோசி அவரைப் பார்த்தான். எழுந்து வந்து கதவைத் திறந்தான். உதட்டில் விரல் வைத்துக் காட்டி உள்ளே விட்டான். கதவு மூடியது.

கூட்டம் கைதட்டியது. பணிக்கருக்கு உயிர் வந்தது. மைக்கைப் பிடித்தார்.

"பிரியமானவர்களே! மாண்புமிகு மந்திரி அவர்கள் பயனாளியோடு நேரடியாக உரையாடிக்கொண்டிருக்கிறார்கள்!"

காத்திருந்தோம். இன்னும் இரண்டு வாழ்த்துரை முடிந்தது. மேகம் கறுத்தது. அக்கரைப் படகு ஹார்ன் அடித்துக்கொண்டு துறையில் வந்து ஒட்டியது. அப்போது அறைக்கதவு திறந்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், கோசி மட்டும் வெளியே வந்தான். கடைசியாக வெளியே வருபவர் செய்ய வேண்டியது என்னவோ அதைச் செய்தான்: பூட்டினான், இழுத்துப் பார்த்தான், சாவியைச் சட்டைப் பையில் போட்டான். காதுமூடியை மாட்டிக்கொண்டு, மேடைக்குப் பின்பக்கமாக நடந்து படகில் ஏறினான். இடப்பக்கக் கடைசி ஜன்னலில் தாலம் ஏந்தி வந்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எதிரே நின்று பார்த்தான். அவள் எழுந்தாள்.

சோசம்மா என் கையைப் பிடித்தாள். "வேலைக்குப் போறான்" என்றாள். பொது இடத்தில் என் கையைப் பிடித்தது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

படகு பாதிக் காயல் தாண்டிய பிறகுதான் பணிக்கர் தட்டில் கத்தரிக்கோலோடு கதவைத் தள்ளினார். பூட்டியிருந்தது. துப்பாக்கிக் காவலர் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். திரும்பிக் குரலைத் தணித்துச் சொன்னார்.

"தூங்கறாரு சார். செருப்பக் கழட்டி வச்சிட்டு, பொன்னாடையெல்லாம் மடிச்சுத் தலைக்கு வச்சு... ஏழு வருஷமா கூட இருக்கேன், இவரு தூங்கி நான் பாத்ததே இல்ல."

"பூட்ட ஒடைங்கடா!" என்றார் பணிக்கர்.

காவலர் கதவுக்குக் குறுக்கே நின்றார். "எவனாவது கை வச்சீங்கன்னா நடக்கறது வேற."

அதன் பிறகு பணிக்கர் ஆற்றிய உரையை நான் மெச்சத்தான் வேண்டும். "பெரியோர்களே! எத்தனையோ மந்திரிகள் எத்தனையோ அறைகளைப் பேசித் திறந்திருக்கிறார்கள். பேசாமல் திறக்கும் முதல் மந்திரியை இன்று பெற்றிருக்கிறோம்! அவர் உள்ளே அமைதியைத் தொடங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அது முடியும் வரை நாம் பேசிக்கொண்டே இருப்போம்!" சொல்லி முடிப்பதற்குள் வானம் உடைந்தது. இடவப்பாதி. முதல் துளியே கோழிமுட்டை அளவு. முத்துக்குடைகள் அலங்காரத்துக்கானவை, சாயம் ஒழுகி எல்லோர் தலையும் ரோஸ் நிறமானது. செண்டத் தோல் நனைந்து தொங்கியது. மைக் ஒரு தடவை விக்கிவிட்டு நின்றது. நாலு மூலை ஒலிபெருக்கியும் தண்ணீர் புகுந்து ஒவ்வொன்றாக அடங்கின. படகுத்துறையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பணிக்கர் ரோஸ் நிறத்தில் என் முன்னால் வந்து நின்றார். "சார், கால்ல விழறேன். அக்கர போயி அந்தச் சாவிய மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. மந்திரி முழிச்சா என் அரசியல் முடிஞ்சுது."

அடுத்த படகில் போனேன். போகும்போது என் மனதில் மச்சினன் ஒருவன்தான் இருந்தான். மழை தொடங்கிவிட்டதே.

லத்தீஃபின் கம்பெனியில் படியேறும்போதே கேட்டது. டப். கொஞ்ச நேரம் கழித்து, டப். மச்சினன் வாசலில் நின்று மழைக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே கோசி அவன் நாற்காலியில். சுற்றிலும் குடைக் குவியல். முகத்தில் மாதக்கணக்கில் நான் பார்க்காத நிறம்.

"சொல்லாம கொள்ளாம வந்து உக்காந்துட்டாரு சார்" என்றார் லத்தீஃப். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. "லேட்டா வந்ததுக்கு மன்னிச்சிடுங்க, திறப்பு விழா இருந்துச்சுன்னாரு."

"கோசி, சாவியக் குடு."

"யாருக்கு?"

"பணிக்கருக்கு. மந்திரி உள்ள இருக்காரு."

"தெரியும். யாரையும் உள்ள விடாதேன்னு அவருதான் சொன்னாரு. பேசக் கூடாதுன்னு பலகையக் காட்டினேன். அப்புறம் பேசல, தூங்கிட்டாரு. நல்ல மனுசன்." ஒரு குடையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தான். டப். "இப்போ சாவி குடுத்தா எழுப்பிடுவாங்க. நான் அஞ்சு மணி படகுக்கு வருவேன். அப்போ திறக்கறேன்."

நான் நின்றுகொண்டே யோசித்தேன். ஒரு பக்கம் மாநிலத்தின் மந்திரி, நகரசபை, மாவட்டத்துப் பத்திரிகைகள். மறுபக்கம், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற கல்லுங்கல்காரன் ஒருவன். எந்தப் பக்கம் நிற்பது என்று என் அப்பா இருந்தால் கேட்டிருக்கவே மாட்டார். லத்தீஃப் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். சாயா வந்தது.

என் சட்டைப் பையில் செல்போன் அலறியது. பணிக்கர். நின்றது. மறுபடி அலறியது. கோசியின் கை விரிக்கப் போன குடையோடு அப்படியே நின்றது.

"அச்சாயா, சத்தம்."

எடுத்து அணைத்துவிட்டேன். அதற்குத் திறப்பு விழா எதுவும் தேவைப்படவில்லை.